கழுதைத் தடத்தில் சைக்கிள்: ஸ்பெயினின் அல்புஹாரா மலைநாடு

ஸ்பெயினின் தெற்கே, கிரனாதா நகருக்கும் மத்தியதரைக் கடலுக்கும் இடையில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிறது சியெர்ரா நெவாடா மலைத்தொடர். அதன் தெற்குச் சரிவும், சரிவை அறுத்துக்கொண்டு இறங்கும் ஓடைப் பள்ளங்களும், அடிவாரத்து ஆற்றுப் படுகையும் சேர்ந்ததுதான் அல்புஹாரா. மலையின் உச்சியான முலாசென் 3,479 மீட்டர் உயரம். ஐபீரியத் தீபகற்பத்தில் அதைவிட உயர்ந்த சிகரம் கிடையாது. அங்கிருந்து கடல் 40 கிலோமீட்டருக்கும் குறைவான தூரத்தில் இருக்கிறது. இந்தச் சிறிய தூரத்துக்குள் தரை மூன்றரை கிலோமீட்டர் இறங்கியாக வேண்டும். அதனால், காலையில் பனித்திட்டுகளின் ஓரமாகக் கிளம்பும் சைக்கிள், பைன் காடு, கருவாலி, செஸ்ட்நட் தோப்பு, பாதாம், அத்தி எல்லாவற்றையும் தாண்டி மாலைக்குள் ஆரஞ்சு மரங்களுக்கு நடுவே வந்து நின்றுவிடும். மலைச் சைக்கிள் ஓட்டுவோர் அல்புஹாராவைத் தேடி வருவதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம், வழியில் வரும் ஊர்கள்.

இங்கே சைக்கிள் ஓடும் தடங்கள் ஒரே காலத்தவை அல்ல. மிகப் பழையவை ஊருக்கு ஊர் செல்லும் கோவேறு கழுதைப் பாதைகள். செங்குத்தான இடங்களில் கல் பாவி, படி வைத்துக் கட்டியவை. அடுத்தவை பாசன வாய்க்கால்களின் கரைகள். கடைசியாக வந்தவை, இருபதாம் நூற்றாண்டில் மொட்டை மலையில் பைன் நட்டு வளர்ப்பதற்காக வனத்துறை வெட்டிய மண் சாலைகள். சைக்கிளுக்கென்றே யாரேனும் வெட்டிய தடம் இந்தச் சரிவில் அரிது. செயற்கை மேடும் மரத்தாலான தாவுமேடையும் வைத்த பைக் பார்க்குகளில் பழகியவர்களுக்கு இது ஏமாற்றமாகக்கூட இருக்கலாம். ஆனால் அல்புஹாராவில் ஒரு தடம் ஏன் இந்த இடத்தில் வளைகிறது, ஏன் இந்த மட்டத்திலேயே ஓடுகிறது என்று கேட்டால் விடை கிடைக்கும். பெரும்பாலும் அந்த விடை தண்ணீராக இருக்கும்.

பனியைப் பூட்டி வைக்கும் வாய்க்கால்

தெற்கு முகம் என்பதால் அல்புஹாராவில் வெயில் அதிகம். கோடையில் மழை அநேகமாக இல்லை. உச்சியிலோ ஏறத்தாழ நவம்பர் முதல் மே வரை பனி கிடக்கிறது. வசந்தத்தில் உருகும் நீரை அப்படியே விட்டால் சில வாரங்களில் குவாதல்ஃபேயோ ஆற்றில் கலந்து கடலுக்குப் போய்விடும். பயிருக்குத் தண்ணீர் தேவைப்படும் ஜூலையிலும் ஆகஸ்டிலும் ஓடைகள் மெலிந்து கிடக்கும். இந்த முரண்பாட்டுக்கு இடைக்கால முஸ்லிம் உழவர்கள் கண்ட வழிதான் அசெக்கியா எனப்படும் மலை வாய்க்கால்.

வாய்க்கால்கள் இரண்டு வகை. ஒன்று நேரடிப் பாசனத்துக்கானது. ஓடையின் மேல்பகுதியில் நீரைத் திருப்பி, சரிவின் குறுக்கே மிகச் சிறிய வாட்டத்தில் நடத்தி, ஊருக்கு மேலே உள்ள படிவயல்களில் சேர்க்கும். மற்றொன்றுதான் வியப்புக்குரியது. ‘கரேயோ’ என்று அழைக்கப்படும் அந்த வகை வாய்க்கால் எந்த வயலுக்கும் போவதில்லை. உருகிய நீரை மலையின் உயர்மட்டத்தில் நீர் நன்றாக ஊறும் பாறைப் பிளவுகளுக்கும் சரளை நிலங்களுக்கும் கொண்டுபோய் அங்கே பரவ விட்டுவிடுகிறது. மண்ணுக்குள் இறங்கிய நீர் பாறையிடுக்குகளில் மெல்ல நகர்ந்து, வாரங்களோ மாதங்களோ கழித்துக் கீழே ஊற்றாக வெளிப்படும். அதாவது, அணை கட்டாமலேயே மலையைத் தொட்டியாக்கி, பனிக்காலத்து நீரைக் கோடைக்குத் தள்ளிப்போடும் ஏற்பாடு. நிலத்தடி நீரைச் செறிவூட்டுவது பற்றி இன்று உலகமெங்கும் பேசப்படுகிறது. இந்த மலையில் அது பல நூற்றாண்டுகளாக நடைமுறையில் இருக்கிறது.

வாய்க்கால் நிலைக்க வேண்டுமென்றால் ஆண்டுதோறும் தூர் வார வேண்டும், உடைப்பை அடைக்க வேண்டும், முறை வைத்து மடை திறக்க வேண்டும். இந்தப் பொறுப்பு ‘அசெக்கியேரோ’ எனப்படும் நீர்க்கட்டிக்கு உரியது. பாசனதாரர்கள் கூடி அவரை அமர்த்துவது வழக்கம். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இளைஞர்கள் பார்சிலோனாவுக்கும் பிரான்சுக்கும் ஜெர்மனிக்கும் வேலை தேடிப் போனபோது பல வாய்க்கால்கள் கைவிடப்பட்டுத் தூர்ந்தன. வேறு சிலவற்றுக்கு சிமென்ட் பூசினார்கள், குழாயும் பதித்தார்கள். நீர் மிச்சமாகும் என்பது கணக்கு. ஆனால் கசிவு நின்றதும் கரையோரத்துச் செஸ்ட்நட் மரங்களும் கீழே இருந்த ஊற்றுகளும் வாடத் தொடங்கின. கசிவை விரயம் என்று எண்ணியது பிழை என்று பிறகுதான் தெரிந்தது. கிரனாதா பல்கலைக்கழகத்தின் தொல்லியலாளர்கள் கடந்த பத்தாண்டுகளுக்கும் மேலாக உள்ளூர் உழவர்களையும் தன்னார்வலர்களையும் திரட்டி, மண்வெட்டியோடு போய்த் தூர்ந்த வாய்க்கால்களை மீட்டு வருகிறார்கள்.

சைக்கிள் ஓட்டிக்கு இதில் நேரடிப் பயன் இருக்கிறது. வாய்க்கால் ஏறக்குறைய மட்டமாக ஓடும். ஆகவே ஆயிரம் மீட்டர் ஏறி இறங்க வேண்டிய சரிவில், கரையோரத் தடம் கிடைத்தால் கால்கள் ஓய்வெடுக்கும். தடத்தின் ஒரு பக்கம் ஓடும் நீர், மறுபக்கம் அதல பாதாளம். கைப்பிடியின் அகலத்துக்குத்தான் சில இடங்களில் வழி இருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ஆட்கள் மாறிய மலை

1492 ஜனவரி 2 அன்று கிரனாதா கத்தோலிக்க அரசர்களிடம் சரணடைந்தது. கடைசி சுல்தான் போவாப்தில், அல்புஹாராவில் ஒரு நிலப்பகுதியைப் பெற்றுக்கொண்டு லௌஹார் பக்கம் சில காலம் தங்கினான். அடுத்த ஆண்டே கடல் கடந்து மொராக்கோவின் ஃபெஸ் நகருக்குப் போய்விட்டான். முலாசென் சிகரத்தின் பெயரும் அந்த வம்சத்திலிருந்து வந்ததுதான். போவாப்திலின் தந்தை முலே ஹாசெனை அந்த உச்சியில் அடக்கம் செய்ததாக ஒரு கதை உண்டு. சான்று கிடையாது.

சரணாகதி உடன்படிக்கை முஸ்லிம்களின் மதத்துக்கும் வழக்கங்களுக்கும் பாதுகாப்புத் தந்திருந்தது. அது பத்தாண்டுகூட நிலைக்கவில்லை. கட்டாய மதமாற்றத்தை எதிர்த்து 1499 முதல் 1501 வரை முதல் கிளர்ச்சி நடந்தது. மதம் மாற்றப்பட்டு மொரிஸ்கோக்கள் என்று அழைக்கப்பட்ட மக்கள்மீது 1567-இல் இரண்டாம் ஃபிலிப் அரசன் புதிய ஆணையை ஏவினான். அரபு மொழி, உடை, பொதுக் குளியலிடம் எல்லாவற்றுக்கும் தடை. 1568 கிறிஸ்துமஸ் வேளையில் அல்புஹாரா எழுந்தது. வலோர் ஊரோடு தொடர்புடைய குடும்பத்தைச் சேர்ந்த அபென் உமேயா தலைவரானார். மறு ஆண்டே சொந்த ஆட்கள் அவரைக் கொன்றார்கள். அடுத்து வந்த அபென் அபூவும் 1571-இல் அதே முடிவைச் சந்தித்தார். அரசனின் தந்தைக்கு வேறு தாயிடம் பிறந்த சகோதரரான ஆஸ்திரியாவின் டான் ஹுவான் படையோடு வந்து கிளர்ச்சியை நசுக்கினார். ஏறத்தாழ 80,000 மொரிஸ்கோக்கள் கிரனாதா நாட்டிலிருந்து பிடுங்கப்பட்டுக் காஸ்டில் முதலான உட்பகுதிகளில் சிதறடிக்கப்பட்டார்கள். 1609-க்கும் 1614-க்கும் இடையில் ஸ்பெயினிலிருந்தே அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள்.

காலியான வீடுகளில் கலீசியா, லியோன், அஸ்தூரியாஸ் போன்ற வட பகுதிகளிலிருந்து வந்தவர்கள் குடியேற்றப்பட்டார்கள். மழைநாட்டுக்காரர்களுக்கு வாய்க்கால் பாசனம் பிடிபடவில்லை. நீர் முறையைக் கற்றுக்கொடுக்க ஊருக்கு இரண்டு மொரிஸ்கோக் குடும்பங்களை மட்டும் தங்க வைத்தார்கள் என்று இன்றும் சொல்லப்படுகிறது. அது எந்த அளவுக்கு உண்மையோ, வாய்க்கால்கள் தப்பின. முசுக்கொட்டை மரங்களை நம்பியிருந்த பட்டுத் தொழில் தப்பவில்லை. அல்புஹாராவின் செல்வத்துக்கு மூலமாக இருந்த அந்தத் தொழில் அதன் பிறகு பழைய நிலைக்குத் திரும்பவே இல்லை.

வலோரில் ஒவ்வொரு செப்டம்பரிலும் ‘மூர்களும் கிறிஸ்தவர்களும்’ என்ற திருவிழாக் கூத்து நடக்கிறது. இரு படைகளும் வேடமிட்டுத் தெருவில் மோதி, கடைசியில் கிறிஸ்தவர்கள் வெல்வார்கள். நடிப்பவர்களில் இரு தரப்பாரும் குடியேறியவர்களின் வழிவந்தவர்களே என்பதுதான் இதில் உள்ள வேடிக்கை.

மொட்டைமாடி ஊர்கள்

பயணம் வழக்கமாக மேற்கே தொடங்கும். லங்ஹரோன் கனிம நீருக்கும் குளியல் மனைக்கும் பேர்பெற்ற ஊர். ஓர்ஹிவா சந்தை ஊர். இங்கே ஆரஞ்சும் பழம்பெரும் ஆலிவ் மரங்களும் உண்டு. அங்கிருந்து சாலை மடிந்து மடிந்து பொக்கெய்ரா பள்ளத்தாக்குக்கு ஏறுகிறது. ஆற்றின் கிழக்குச் சரிவில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று ஊர்கள்: ஆயிரம் மீட்டரைத் தாண்டியதும் பம்பனெய்ரா, அதற்கு மேலே புபியோன், 1,400 மீட்டருக்கும் மேலே கபிலெய்ரா. சைக்கிள் இறக்கிவிடும் வேன்களும் வாடகைக் கடைகளும் இந்த வட்டாரத்தில்தான் கிடைக்கும். சுற்றுலாக் கூட்டமும் இங்கேதான்.

வீடுகளின் கூரை தட்டையானது. ஸ்பெயினின் பிற பகுதி மலையூர்களில் காணும் சரிவோட்டுக் கூரை இங்கே அரிது. செஸ்ட்நட் உத்தரம் போட்டு, அதன்மேல் பலகைக்கல் அடுக்கி, மேலே ‘லௌனா’ என்ற சாம்பல் நிறக் களிமண்ணைக் கெட்டியாகப் பரப்புகிறார்கள். ஈரம் பட்டதும் அந்த மண் இறுகி நீரைத் தடுக்கும். இதே வகை வீடு மொராக்கோவின் அட்லாஸ் மலையில் பெர்பெர் ஊர்களிலும் இருக்கிறது. ஒரு வீட்டின் மாடி மேல்வீட்டுக்காரரின் வாசல் மட்டத்தில் இருக்கும். அத்தியும் மிளகாயும் உலர்த்துவது அங்கேதான். தெருவுக்கு மேலே வீட்டை நீட்டிக் கட்டியதால் உண்டான மூடிய வழிகளுக்குத் ‘தினாவோ’ என்று பெயர். மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்க வசதி. தெருவின் நடுவில் சில ஊர்களில் தண்ணீர் ஓடுகிறது. தேவாலயங்கள் பெரும்பாலும் மசூதி இருந்த இடத்தில் நிற்கின்றன. சுவர்கள் எல்லாம் வெள்ளை, புகைபோக்கிகளுக்குத் தொப்பி.

பள்ளத்தாக்கின் எதிர்ச்சரிவில், 1,600 மீட்டர் உயரத்தில், ஓ செல் லிங் என்ற திபெத்திய பௌத்தத் தியான மையம் இருக்கிறது. 1980-இல் தொடங்கியது. பெயரிட்டவர் தலாய் லாமா. புபியோனில் வாழ்ந்த ஸ்பானியத் தம்பதிக்கு 1985-இல் பிறந்த ஓசெல் ஹீத்தா என்ற குழந்தையை, மறைந்த லாமா யேஷேயின் மறுபிறவி என்று அறிவித்தார்கள். சிறுவன் கர்நாடகத்தின் பைலக்குப்பேயில் உள்ள சேரா மடத்தில் படித்தான். வளர்ந்தபின் துறவு வாழ்க்கையை விட்டு விலகினார். மூர்களின் மலையில் இப்படியும் ஒரு அத்தியாயம்.

கபிலெய்ராவின் கூட்டத்திலிருந்து விலக விரும்புபவர் கிழக்கே லா தாஹாவுக்குப் போக வேண்டும். தாஹா என்பது கிரனாதாவை ஆண்ட நஸ்ரித் சுல்தான்கள் காலத்து நிர்வாகப் பிரிவு. பிட்ரெஸ், மெசினா, ஃபெர்ரெய்ரோலா, அதல்பெய்தார் முதலான ஏழு சிற்றூர்கள் அந்தப் பழைய பெயரிலேயே இன்றும் ஒரே நகராட்சியாக இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கழுதைப் பாதையில் போவதே குறுக்கு வழி. அல்புஹாராவில் சைக்கிளுக்கு மிக இனிமையான பகுதி எதுவென்று கேட்டால் இந்த ஏழூர் வட்டத்தைத்தான் சொல்ல வேண்டும். தூரம் குறைவு, செஸ்ட்நட் நிழல் உண்டு, ஊருக்கு ஊர் குடிநீர்க் குழாய் இருக்கிறது. அடுத்துள்ள போர்த்துகோஸில் ஊற்றுநீர் இரும்புச் சத்தால் பாறையைத் துருநிறமாக்கி ஓடுகிறது. குடித்தால் நாக்கில் ஆணிச் சுவை.

1,476 மீட்டர் உயரத்தில் உள்ள த்ரெவெலெஸ் ஸ்பெயினின் மிக உயரமான ஊர்களில் ஒன்று. உலர்ந்த குளிர்காற்றில் பன்றித் தொடையைப் பதப்படுத்துவது அதன் தொழில். 1862-இல் இரண்டாம் இசபெல் அரசி இந்த ஹாமோனுக்கு அரச முத்திரையை அனுமதித்தார். 1,200 மீட்டருக்கு மேலே பதப்படுத்தியதுதான் அந்தப் புவிசார் பெயரைத் தாங்க முடியும் என்பது இன்றைய விதி. அதற்கப்பால் ஹுவிலெஸ், பெர்ச்சூலெஸ், யெஹென், வலோர். சுற்றுலா தேய்ந்து, உழவர்களின் ஊர்கள் தொடங்குகின்றன.

யெஹெனில் ஆங்கில எழுத்தாளர் ஜெரால்ட் ப்ரெனன் 1920 முதல் விட்டுவிட்டு 1934 வரை வாழ்ந்தார். கூடவே வந்தவை 2,000 புத்தகங்கள். அந்த வாழ்க்கையைப் பற்றி அவர் 1957-இல் வெளியிட்ட நூலைத்தான் அல்புஹாராவைப் பற்றிய நல்ல அறிமுகமாக இன்றும் பலர் கையில் எடுக்கிறார்கள். அவரைப் பார்க்க 1923-இல் வர்ஜீனியா வுல்ஃப் வந்தார். அதற்கு முன்பே வந்த லிட்டன் ஸ்ட்ராச்சி, கோவேறு கழுதைப் பயணத்தில் படாதபாடு பட்டார். அவர் வந்த வகைப் பாதையைத்தான் இன்று பணம் கொடுத்துத் தேடிவந்து சைக்கிளில் கடக்கிறார்கள்.

சக்கரத்தின் கணக்கு

நீண்ட பயணத்துக்குப் பெயர்பெற்ற தடம் ‘டிரான்ஸ்நெவாடா’. சியெர்ரா நெவாடாவை முழுச் சுற்றாகச் சுற்றிவரும் இது ஏறத்தாழ 450 கிலோமீட்டர் நீளம். எட்டுப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் 1,500-க்கும் 2,000 மீட்டருக்கும் இடைப்பட்ட உயரத்தில் வனச்சாலைகளில் செல்கிறது. மலைக்கு நடுவே உள்ள ரகுவா கணவாய் 2,000 மீட்டர் உயரத்தில் வடக்கையும் தெற்கையும் இணைப்பதால், பாதிச் சுற்றோடு திரும்ப நினைப்பவர்களுக்கு அது வசதி. இந்தத் தடத்தோடு 300 கிலோமீட்டர் நீளமுள்ள சுலைர் என்ற நடைபாதையைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அதுவும் மலையைச் சுற்றுவதுதான். ஆனால் அது நடப்பவர்களுக்காக அமைந்தது. சில பகுதிகளில் சைக்கிளைத் தோளில் தூக்க வேண்டிவரும்.

உயரம் விரும்புகிறவர்களின் கனவு, கபிலெய்ராவிலிருந்து மலையைக் கடந்து கிரனாதா போவது. வெலேட்டா சிகரத்தின் தோளை ஒட்டி, ஒரு காலத்தில் மோட்டார் வாகனங்கள் போன பழைய சாலை அது. கடல்மட்டத்திலிருந்து 3,000 மீட்டருக்கு மேலே ஏறுகிறது. 1990-களில் தனியார் வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். தெற்கே 2,150 மீட்டரில் உள்ள ஓயா தெல் போர்த்தீயோ தடுப்பைத் தாண்டினால் மண்ணும் சரளையும்தான். சைக்கிளும் நடையும் மட்டும் செல்லலாம். உச்சிப் பகுதியில் ஜூலைவரைகூடப் பனித்திட்டுகள் வழியை மறிப்பதுண்டு. மேலே காற்று மெலிதாக இருப்பதால், கீழே எளிதாக மிதித்த கியரில் அங்கே மூச்சு வாங்கும். வடபுறம் இறங்கினால் பனிச்சறுக்கு மையம், பிறகு தார்ச்சாலை. அழகில் தெற்குப் பாதிக்கு வடக்குப் பாதி உறை போடக் காணாது.

இந்த மலையின் பாறை பெரும்பாலும் மைக்கா கலந்த சிஸ்ட். தகடு தகடாகப் பெயரும். பெயர்ந்த தகட்டின் விளிம்பு டயரின் பக்கச்சுவரைக் கிழித்துவிடும். எனவே மெல்லிய பந்தய டயர்கள் இங்கே உதவாது. கெட்டியான சுவர் கொண்ட டியூப்லெஸ் டயரும், உள்ளே அடைப்புத் திரவமும், பையில் ஒரு மாற்றுக் குழாயும் வேண்டும். ஆயிரம் மீட்டருக்கு மேல் ஒரே இறக்கமாக வரும் இடங்களில் பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வந்தால் தட்டு சூடேறிப் பிடிப்பு தளரும். நேர்ப் பகுதியில் ஓடவிட்டு, வளைவுக்கு முன் அழுத்தி, பிறகு முழுதாக விடுவது பழகிய ஓட்டிகளின் முறை. முன்னும் பின்னும் 120 முதல் 140 மில்லிமீட்டர் அதிர்வுதாங்கி உள்ள சைக்கிள் போதுமானது. அதற்கு மேல் வைத்திருப்பவர்கள் ஏற்றத்தில் அந்த எடைக்கு விலை கொடுப்பார்கள். கல் பாவிய பழைய பாதைகளில் மழை பெய்த மறுநாள் இறங்காமல் இருப்பதே புத்தி. நூற்றாண்டுகளின் குளம்பு தேய்த்த கல், ஈரத்தில் வழுக்கும்.

பேட்டரி உதவியுள்ள சைக்கிள்கள் இப்போது இங்கே பரவிவிட்டன. ஏற்றத்தின் கடுமை குறைந்ததால் நடுத்தர வயதைத் தாண்டியவர்களும் வருகிறார்கள். இது நல்லதுதான். இறக்கத்தின் கடுமை மட்டும் அப்படியே இருக்கிறது.

சாப்பாட்டில் சைவர்களுக்குச் சோதனை உண்டு. ‘பிளாத்தோ அல்புஹாரேன்யோ’ என்ற வட்டார உணவில் எண்ணெயில் மென்மையாக வெந்த உருளைக்கிழங்கும் மிளகாயும் இருக்கும். அதன் மேலே பொரித்த முட்டை, ஹாமோன், இரத்தத் தொத்திறைச்சி. காய்கறிப் பதார்த்தத்தில்கூட ஹாமோன் துண்டு தூவி வரும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆட்டுப்பால் பாலாடைக்கட்டி, பாதாம், தேன், அத்தி, இலையுதிர் காலத்தில் செஸ்ட்நட் ஆகியவை தாராளம். கிரனாதா மாகாணத்தில் பானம் வாங்கினால் ஒரு சிறு தின்பண்டம் இலவசமாக வரும் வழக்கம் மலையூர்களிலும் தொடர்கிறது. மதியம் இரண்டு மணிக்கு மேல் கடைகள் அடைத்து, மாலை ஐந்து வாக்கில்தான் திறக்கும். வழியுணவை அதற்குள் வாங்கிக்கொள்ள வேண்டும்.

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் ஆகியவை ஏற்ற மாதங்கள். ஜூலை, ஆகஸ்டில் பள்ளத்தாக்கு கொதிக்கும். மேல்மலைத் தடங்களுக்கு மட்டும் அது சரியான காலம். மாலகா விமான நிலையத்திலிருந்து கிரனாதா, அங்கிருந்து பேருந்தில் கபிலெய்ரா என்பது எளிய வழி. ஊருக்கு வெளியே சைக்கிள் ஓட்ட ஸ்பெயினில் ஹெல்மெட் கட்டாயம். அவசர உதவிக்கு எண் 112.

1999-இல் அறிவிக்கப்பட்ட சியெர்ரா நெவாடா தேசியப் பூங்கா ஏறத்தாழ 86,000 ஹெக்டேர் பரப்புள்ளது. ஸ்பெயினின் நிலப்பரப்பில் அமைந்த தேசியப் பூங்காக்களில் பெரியது அதுதான். உலகில் வேறெங்கும் வளராத பல தாவரங்கள் அதன் உயர்மலைப் புல்வெளிகளில் இருப்பதால், தடத்தை விட்டு விலகி ஓட்டத் தடை இருக்கிறது. வாய்க்கால் கரைகளைப் பொறுத்தவரை விதியைவிட நடைமுறை முக்கியம். கரை வெறும் மண்ணும் அடுக்கிய கல்லும்தான். ஈரமான நாளில் ஒரு சைக்கிள் கூட்டம் கரையை உடைத்தால், கீழே உள்ள வயல்களுக்கு நீர் தடைபடும், சரிவும் அரிக்கும். நீர் ஓடும் கரை குறுகலாக இருந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள். மண்வெட்டியோடு எதிரே வரும் நீர்க்கட்டிக்கு வழி விட்டு நில்லுங்கள்.